மற்றச் செருப்பும் கடலுக்குப் போன கதை

வாய் ஓயாத என் தங்கை பவானிக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று உம்முடைய ஆட்டைத் திவசம், நீர் போய் ஒரு வருடம். வேலணையில் உம்முடைய வீட்டு முற்றத்தில், சாப்பாடு முடிந்து கைகழுவி வந்த கையோடு, உம்முடைய மனுசன் சிவநேசன் சிரித்தார். சும்மா உதட்டோரத்தில் இல்லை. கதிரையில் பின்னுக்குச் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். நீர் போன நாளிலிருந்து அந்த மனுசன் சிரித்து ஒருவரும் காணவில்லை.

சிரிக்க வைத்தது யார் என்று கேட்பீர். உம்முடைய வகுப்புத் தர்சிகாதான். அவள் எழுதிய ஒன்றை வாசித்துக் காட்டினாள். "எழுதினதோ? ஆர், தர்சிகாவோ?" என்று நீர் அங்கிருந்தே கண்ணை உருட்டுவது எனக்குத் தெரிகிறது. ஓம் தங்கச்சி, அவளேதான். முழுசாக இரண்டரைப் பக்கம்.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன். இதில் நான் தலைகுனிய வேண்டிய இடம் ஒன்று வரும். அதையும் மறைக்கமாட்டேன். மறைத்தாலும் நீர் விடப்போவதில்லை.

உம்முடைய வகுப்புக்கும் என்னுடைய வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். நாம் இரண்டு பேரும் தமிழ்தான் படிப்பித்தோம். ஆனால் தட்டிக்கு அந்தப்பக்கம் ஒரே இரைச்சல், இந்தப்பக்கம் ஒரே அமைதி. கட்டுரைப் பாடம் என்றால் நீர் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக இருத்திக் கதைக்க விடுவீர். ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் கேள்வி கேட்க வேண்டும். சந்தை மாதிரிச் சத்தம் கிளம்பும். நான் கோடு போடும் அடிமட்டத்தால் தட்டியில் தட்டுவேன். நீர் எட்டிப் பார்த்து, "அண்ணை, உங்கடை வகுப்பிலை இலையான் பறக்கிறது எங்களுக்குக் கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போவீர்.

இரண்டு தரம் உம்மைப் பற்றி அதிபரிடம் முறைப்பாடு செய்தேன். உமக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த நாள் ஓய்வறையில் எனக்கு ஊற்றித் தந்த தேத்தண்ணியில் சீனியைக் குறைக்கவில்லை. "கதைக்க விடுங்கோ அண்ணை, கதைச்சு முடியத் தாங்களாய் எழுதுவினம்" என்று மட்டும் சொன்னீர். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

என்னிடம் வேறு வழி இருந்தது. கட்டுரையை நானே பலகையில் எழுதிப் போடுவேன். முன்னுரை, நடுவில் மூன்று பந்தி, முடிவுரை. பிள்ளைகள் பாடமாக்குவார்கள். 'நாங்கள் சென்ற சுற்றுலா' என்ற கட்டுரையில், இந்தத் தீவை விட்டு யாழ்ப்பாணத்துக்கு அப்பால் போகாத பிள்ளைகள் எல்லாம் கண்டிக்குப் போய் வருவார்கள். எல்லோரும் ஒரே பேருந்தில் போய், ஒரே இடத்தில் பொதிச்சோறு சாப்பிட்டு, கடைசியில் 'களைப்புடனும் மனமகிழ்வுடனும் வீடு திரும்பினோம்' என்று முடிப்பார்கள். திருத்துவதற்கு லேசு. நான் அதைப் படிப்பித்தல் என்று நம்பியிருந்தேன்.

பிறகு உமக்கு வருத்தம் வந்தது. ஒரு தவணை முழுக்க ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக அலைந்தீர். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு நீர் வரவில்லை. உம்முடைய பத்தாந்தர வகுப்பை அதிபர் என் கையில் தந்தார். கட்டுரையில் அவர்களையும் கண்டிக்கு அனுப்பினேன். நீர் போன கிழமை அந்தப் பிள்ளைகளிடம், "ரீச்சருக்கு நினைவு மலர் அடிக்கப் போகினம், எல்லாரும் ஒவ்வொரு பந்தி எழுத வேணும்" என்றேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மலர் அடிக்காத வீடு எங்கள் ஊரில் ஏது? உமக்கு அடிக்கும் மலரில் பிள்ளைகள் பிழை விட்டுவிடக் கூடாதே என்று நான் என்ன செய்தேன் தெரியுமா? மாதிரிப் பந்தி ஒன்றைப் பலகையில் எழுதிப் போட்டேன்.

'சாந்தமும் பொறுமையும் உருவான எங்கள் ஆசிரியை' என்று தொடங்கினேன் பவானி. உம்மை! வாகனக்காரனோடும் மீன்காரனோடும் மல்லுக்கட்டிய உம்மை!

பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். முடிவு வசனத்தை மட்டும் நீங்களே சேருங்கள் என்று விட்டேன். தாள்களைக் கட்டாக வாங்கி, மேலோட்டமாகப் பார்த்து, அச்சகத்துக்கு அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்ததும் நான்தான். எத்தனையோ வருடம் ஒரே கட்டுரையைத் திருத்திப் பழகிய கண், தெரிந்த வசனம் வந்தால் நிற்காமல் தாண்டிப் போய்விடும்.

அந்தியேட்டி அன்று சாப்பாட்டுக்குப் பிறகு மலரைக் கொடுத்தார்கள். சிவநேசன் பிள்ளைகளின் பக்கங்களைத் திறந்து வாசித்தார். ஒரு பக்கம், அடுத்த பக்கம், அதற்கடுத்தது. என்னைப் பார்த்தார்.

"மாஸ்ரர், இது ஆரைப் பற்றி எழுதினது? இந்த ஆளை எனக்குத் தெரியாது."

நான் பதில் சொல்வதற்குள் அவர் இன்னொரு பக்கத்தைத் திருப்பிவிட்டார். அது தர்சிகாவின் பக்கம். கடைசி வசனத்தை அவர் மெதுவாக வாய்விட்டு வாசித்தார். 'எங்கள் ஆசிரியையின் இறுதிக் கிரியைகளில் பங்குபற்றி, களைப்புடனும் மனமகிழ்வுடனும் வீடு திரும்பினோம்.'

பின்னுக்கு இருந்த யாரோ அடக்க முடியாமல் சிரித்தார்கள். சிவநேசன் ஏசவில்லை. மலரை மூடிக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பி உள்ளே போனார். தண்ணீர்ச் செம்போடு பந்தியில் நின்ற தர்சிகாவின் முகத்தை நான் பார்த்தேன். உம்மில் உயிரையே வைத்திருந்த பிள்ளை அவள்.

நான் தலைகுனிய வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. அடுத்த பாடசாலை நாளில் அவளை வகுப்பில் எழுப்பி நிறுத்தினேன். "வாசிச்சுப் பாத்தோ எழுதினனீ? செத்தவீட்டுக்குப் போட்டு ஆர் மனமகிழ்வோடை வாறது?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை.

"நீங்கள் பாடமாக்கச் சொன்ன முடிவுரைதான், சேர்" என்றாள்.

"வாயை மூடு" என்றேன்.

மூடிவிட்டாள். அதோடு பேனையையும் மூடிவிட்டாள். அதற்குப் பிறகு எந்தக் கட்டுரைக்கும் பெயரையும் திகதியையும் எழுதி வெறுந்தாள்தான் தந்தாள். "எழுத ஏலாது சேர்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. வெறுந்தாளில் நான் எதைத் திருத்துவது? அந்தத் தாள்கள் என் மேசை லாச்சியில் சேர்ந்துகொண்டே போயின. அவள் இனி எழுதவே மாட்டாளோ என்ற பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. எழுதாமற் போனால் அந்தப் பழி முழுக்க என்னுடையது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஏறினேன். எனக்கு முன் சீற்றில் தர்சிகா. பக்கத்தில் இருந்தவள் வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளை. நான் பின்னுக்கு இருப்பது தெரியாமல் தர்சிகா கதைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் சாட்டிக் கடற்கரைக்கு நீர் வகுப்பைக் கூட்டிப்போன நாளின் கதை.

"அலை வந்து ரீச்சரின்ரை ஒரு செருப்பைக் கொண்டு போட்டுது. புதுச் செருப்படி! ரீச்சர் சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணி மட்டும் துரத்தினவ. பிடிபடேல்லை. பிறகு என்ன செய்தவ தெரியுமே?"

"என்ன செய்தவ?"

"மற்றச் செருப்பையும் கழட்டிக் கடலுக்கை எறிஞ்சவ! 'இந்தா, இதையும் கொண்டு போ! ஒண்டை வைச்சு நீயும் ஒண்டும் செய்யேலாது, நானும் ஒண்டும் செய்யேலாது' எண்டு கடலைப் பாத்துப் பேசினவ!"

"ஐயோ! பிறகு?"

"பிறகென்ன, மணல் கொதிக்குது. ரீச்சர் தாச்சியிலை வறுக்கிற கச்சான்கொட்டை மாதிரித் துள்ளித் துள்ளி ரோட்டுக்குப் போனவ. நாங்கள் சிரிக்க, 'சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ, நாளைக்கு ஒவ்வொருத்தரும் இதைச் சொல்ல வேணும், ஒருத்தர் சொன்னதை மற்றவர் சொல்லப்படாது' எண்டவ."

பவானி, நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். என்ன அழகாகத் தொடங்கினாள்! 'புதுச் செருப்படி' என்பதை எந்த இடத்தில் வைத்தாள்! எங்கே நிறுத்தினால் மற்றவள் கேள்வி கேட்பாள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் பலகையில் எத்தனை வருடம் எழுதிப் போட்டும் வராதது எல்லாம் அவளுக்கு அந்தப் பஸ் சீற்றில் வந்தது. இந்தப் பிள்ளையிடமா நான் எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்தேன்? எழுதத் தெரியாதவளாக அவளை ஆக்கியது யார்?

நான் இறங்க வேண்டிய இடம் போய் எவ்வளவோ நேரம். "மாஸ்ரர், இறங்கேல்லையே?" என்று கொண்டக்ரர் கேட்டபோது பஸ் ஊர்காவற்றுறைக்கு வந்துவிட்டது. திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம். துறையடியில் ஒரு பிளேன்ரீயோடு நின்று, காரைநகருக்குப் போகும் படகைப் பார்த்துக்கொண்டு, 'கதைச்சு முடியத் தாங்களாய் எழுதுவினம்' என்று நீர் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைத்தேன். உம்முடைய பேச்சைக் கேட்க எனக்கு நீர் செத்துப்போக வேண்டியிருந்தது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அடுத்த நாள் வகுப்புக்குப் போய், "எல்லாரும் பேனையை உள்ளுக்கை வையுங்கோ. இண்டைக்குக் கதைக்கிறதுதான் பாடம்" என்றேன். நீர் இருந்தால் கூரை பறந்திருக்கும். எனக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். என் வகுப்பில் இலையான் பறக்கிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதல்முதல் நானே கேட்டேன்.

அவர்கள் கதைக்க வேண்டுமென்றால் நான் முதலில் கதைக்க வேண்டும் என்று விளங்கியது. கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டு இருந்தேன். உம்மைப் பற்றி அதிபரிடம் இரண்டு தரம் முறைப்பாடு செய்த கதையைச் சொன்னேன். மலரை ஒழுங்காக வாசிக்காமல் அச்சுக்கு அனுப்பிய கதையையும் சொன்னேன். பிறகு எழும்பி நின்றேன்.

"தர்சிகா, அந்த வசனத்தைப் பாடமாக்க வைச்சது நான். வாசிக்காமல் விட்டதும் நான். பிழை முழுக்க என்ரை, பிள்ளை. உன்னை எழுப்பி ஏசினது அதைவிடப் பெரிய பிழை."

அவள் தலை நிமிரவில்லை. ஆனால் பின்வரிசையில் இருந்து நிரோஜன், "சேர், ரீச்சர் ஒருக்கா என்ரை சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் வேலியிலை விட்டவ" என்றான். அதோடு உடைந்தது. நான் முந்தி நான் முந்தி என்று ஒரே அமளி. கொஞ்ச நேரத்தில் தட்டிக்கு அந்தப்பக்கம் இருந்து டொக் டொக் என்று கேட்டது. என்னுடைய பழைய வகுப்பில் இப்போது புதிதாக வந்த கணித மாஸ்ரர் பாடம் எடுக்கிறார். நான் அடிமட்டத்தை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

அன்றே முடிவெடுத்தோம். ஆட்டைத் திவசத்துக்கு இன்னொரு மலர் போடுவது. அதில் பிள்ளைகளுடைய வசனம் மட்டும்தான் இருக்கும். சிவநேசன் வாசித்துவிட்டு 'இந்த ஆளை எனக்குத் தெரியும்' என்று சொல்ல வேண்டும்.

உம்முடைய முறையை நான் தட்டித் தடவித்தான் பிடித்தேன். முதலில் சொல்லுவார்கள். கேட்பவர் "ஏன்?", "பிறகு?", "அப்ப நீ என்ன செய்தனீ?" என்று குடைவார். சூடு ஆற முதல் எழுத வேண்டும், சொன்ன மாதிரியே. அந்த நேரத்தில் சிவப்புப் பேனையை எடுக்காமல் இருக்க நான் பட்ட பாடு! பிறகு எழுதியதைச் சோடிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கும்போது மூச்சு முட்டினால் அந்த வசனம் நீளம். கேட்பவர் முகத்தைச் சுழித்தால் அந்த இடத்தில் ஏதோ விடுபட்டிருக்கிறது. எல்லாம் சரி வந்த பிறகுதான் எழுத்துத் தமிழுக்கு மாற்றினோம். நீர் பேசிய பேச்சை மட்டும் உள்ளபடி விட்டோம். அதை மாற்ற ஒரு பிள்ளையும் சம்மதிக்கவில்லை.

ஒரு தவணை போவதற்குள் வகுப்பின் எழுத்தே மாறிவிட்டது. தவணைச் சோதனையில் ஒருவரும் கண்டிக்குப் போகவில்லை. ஒருத்தி அம்மாவோடு நயினாதீவுக்குப் போன படகில் வாந்தி எடுத்ததை எழுதியிருந்தாள். இன்னொருவன் கிணறு இறைத்த கதையை எழுதினான். திருத்த எனக்கு மூன்று மடங்கு நேரம் பிடித்தது. பக்கத்தில் தேத்தண்ணி ஆறிப்போனதும் தெரியாமல் வாசித்தேன்.

தர்சிகா மட்டும் அசையவில்லை. கதைக்கத் தொடங்கிவிட்டாள், அது பெரிய விசயம். சோடிக்குச் செருப்புக் கதையைப் பொரிந்து தள்ளுவாள். தாளைக் கண்டதும் கை நின்றுவிடும். "எழுதினால் அச்சிலை வந்திடும் சேர். பிழைச்சால் அழிக்கேலாது" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். வகுப்பில் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும். தெரியாதவர் ஒருவர் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை அவளையும் அவளுடைய தாயையும் கூட்டிக்கொண்டு உம்முடைய வெங்காயத் தோட்டத்துக்குப் போனேன். சிவநேசன் தண்ணி இறைத்துக்கொண்டு நின்றார். "இந்தப் பிள்ளை உங்களுக்கு ஒரு கதை சொல்ல வேணுமாம்" என்றேன். மிசின் சத்தத்துக்கு மேலாகத் தர்சிகா தொடங்கினாள். செருப்பு என்ற சொல் வந்ததும் அவர் போய் மிசினை நிறுத்திவிட்டு வந்தார்.

"நில்லு பிள்ளை. மண்ணிறச் செருப்போ?"

"ஓம் மாமா. புதுசு."

"நான் வாங்கிக் குடுத்தது! பள்ளிக்கூடத்திலை ஆரோ மாறிப் போட்டுக்கொண்டு போட்டினம் எண்டெல்லோ எனக்குச் சொன்னவ! சொல்லு, சொல்லு. எந்தக் கால் செருப்பு முதல் போனது?"

அவர் கேட்ட கேள்விகளை நாங்கள் ஒருவரும் கேட்டிருக்கமாட்டோம். சீலை என்ன நிறம், கால் சுட்டதோ, பஸ்ஸில் வரும்போது தன்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ. தர்சிகா ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொன்னாள். "வீட்டை போய் மனுசனுக்கு என்ன பொய் சொல்லுறது எண்டுதான் யோசிக்கிறன் பிள்ளையள்" என்று நீர் பஸ்ஸில் சொன்னது அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. சிவநேசன் வரப்பில் குந்திவிட்டார்.

"எனக்கு இந்தக் கதையை எழுதித் தா பிள்ளை. தனிய இருக்கேக்கை எடுத்து வாசிக்க வேணும்."

"பிழை வந்தால், மாமா?"

"பிழையோடை தா."

திங்கட்கிழமை முதல் பாடத்தில் அவள் பேனை திறந்ததை நான் பார்க்காத மாதிரி நின்று பார்த்தேன். எழுதினாள், வாசித்தாள், வெட்டினாள், திரும்ப எழுதினாள். ஒரு நாள் என்னிடம் வந்து, "முடிவை மட்டும் நீங்கள் இப்ப பாக்கப்படாது சேர். திவசத்திலை கேளுங்கோ" என்றாள். நான் தயங்கினேன். பார்க்காமல் அச்சுக்கு விட்டு ஒரு தரம் பட்டவன் அல்லவா? ஆனாலும் சம்மதித்தேன். இந்த முறை மெய்ப்புப் பார்த்தது பிள்ளைகள்தான். ஒருவர் வாய்விட்டு வாசிக்க மற்றவர் காதால் கேட்டுப் பார்த்தார்கள்.

நேற்று முற்றத்தில் தர்சிகா எழும்பி நின்று வாசித்தாள். முதலில் குரல் கொஞ்சம் நடுங்கியது. நீர் சீலையைச் சொருகியதும் நடுக்கம் போய்விட்டது. நீர் கடலைப் பார்த்துப் பேசிய இடத்தில் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிவநேசன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல்லும் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் பந்திக்கு வந்தாள்.

'அன்று மாலை நாங்கள் எல்லோரும் களைப்புடனும் மனமகிழ்வுடனும் வீடு திரும்பினோம்.'

வாசித்துவிட்டு நிறுத்தினாள். போன வருடம் இதே முற்றத்தில் இருந்தவர்கள் தலையை நிமிர்த்தினார்கள். அவள் ஒருவரையும் பார்க்கவில்லை. மூச்சை எடுத்து, அடுத்த வசனத்தை வாசித்தாள்.

'இந்த வசனத்தை நான் முன்பு ஒருமுறை பிழையான இடத்தில் எழுதிவிட்டேன். இது இருக்கவேண்டிய இடம் சாட்டிக் கடற்கரை. ரீச்சர் மட்டும் வெறுங்காலோடு, வீட்டில் சொல்ல ஒரு பொய்யை யோசித்துக்கொண்டு திரும்பினார்.'

அப்போதுதான் சிவநேசன் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்து, அதைத் துடைக்காமல் விட்டு, மலரை என் பக்கம் நீட்டினார்.

"ஓம் மாஸ்ரர். இதுதான் என்ரை ஆள்."

தங்கச்சி, நாம் வென்றுவிட்டோம். நாம் என்று என்னையும் சேர்த்துக்கொள்ள எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. சேர்த்துக்கொள்கிறேன், நீர் ஏசினால் ஏசும்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் வேலையிலிருந்து இளைப்பாறும் நாள் வரைக்கும் இனி ஒரு பிள்ளைக்கும் கடைசி வசனத்தை எழுதிக் கொடுக்கமாட்டேன். அது எங்கே போய் முடியவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் தெரியும் வரைக்கும் கதைக்க விடுவேன். பக்கத்து வகுப்பு மாஸ்ரர் போன கிழமை என்னைப் பற்றி அதிபரிடம் முறைப்பாடு செய்திருக்கிறார், சத்தம் தாங்க முடியவில்லையாம். நாளைக்கு ஓய்வறையில் அவருக்கு நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். சீனியைக் குறைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
தட்டிக்கு இந்தப்பக்கம் இருந்து அந்தப்பக்கம் வந்து சேர்ந்த,
உம்முடைய அண்ணை